தண்டவாளம் போட்டாச்சு, வண்டி எப்போது வரும்?

இருகூரிலிருந்து சிங்காநல்லூர், பீளமேடு வழியாகக் கோவைக்குப் போகும் ரயில் பாதையில் சில நாட்கள் மஞ்சள் நிற வண்டி ஒன்று நின்று நின்று நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தால் இன்ஜின் மாதிரியும் இருக்காது, பெட்டி மாதிரியும் இருக்காது. நாலடி நகரும், நிற்கும். வயிற்றுக்கு அடியிலிருந்து இரும்புக் கால்கள் இறங்கி ஜல்லிக்குள் புகும். ஒரு அதிர்வு, ஒரு நெரிப்பு, கால்கள் மேலே ஏறிக்கொள்ளும். மறுபடி நாலடி நகரும். ரயில்வேக்காரர்கள் இதை டேம்பிங் மெஷின் என்பார்கள். பெரும்பாலும் ரயில்கள் ஓடாத இடைவெளியில், பாதையை அடைத்து வைக்கும் 'பிளாக்' அனுமதி வாங்கிக்கொண்டு வேலை செய்யும் என்பதால் பயணிகளுக்கு அதனோடு பரிச்சயம் குறைவு. ஆனால் ஒரு பாதையில் ரயில் ஓடலாமா, எவ்வளவு வேகத்தில் ஓடலாம் என்பதற்கு இந்த வண்டியின் வேலையும் தண்டவாளத்துக்குச் சமமான அளவு பதில் சொல்கிறது.

நம் பக்கத்தில் இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம் போத்தனூர் - பொள்ளாச்சி பாதை. 1915-ல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டது. பின்னால் 1928-ல் திண்டுக்கல் - பொள்ளாச்சியும் 1932-ல் பொள்ளாச்சி - பாலக்காடும் சேர்ந்துகொள்ள, கோவையில் ஏறிப் பழனி, மதுரை வழியாக ராமேஸ்வரம் போய் இறங்கலாம் என்கிற வசதி வந்தது. திண்டுக்கல் - பொள்ளாச்சி - பாலக்காடு, பொள்ளாச்சி - போத்தனூர் ஆகியவற்றை அகலப்பாதையாக மாற்றும் திட்டம் 2006-07-ல் ஒப்புதல் பெற்றது. மொத்தம் ஏறக்குறைய 225 கிலோமீட்டர். பகுதி பகுதியாக ரயில்கள் நிறுத்தப்பட்டு, பகுதி பகுதியாகவே திறக்கப்பட்டன. பொள்ளாச்சி - பாலக்காடு 2015-ல் வந்துவிட்டது. சுமார் 40 கிலோமீட்டரே உள்ள போத்தனூர் - பொள்ளாச்சிக்கு மட்டும் 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் காத்திருப்பின் கடைசிக் காலத்தில் கிணத்துக்கடவுப் பக்கம் எந்த டீக்கடையிலும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: "தண்டவாளந்தான் போட்டாச்சுங்களே, அப்பறம் வண்டி உடறதுக்கு என்னங்க?" நியாயமான கேள்வி. பதில் ஜல்லிக்குள் இருக்கிறது.

முதலில், கேஜ் மாற்றம் என்பது பழைய தண்டவாளத்தை இன்னும் 676 மில்லிமீட்டர் தள்ளிப் போடுவதல்ல. மீட்டர் கேஜின் அகலம் 1000 மி.மீ., நம் அகலப்பாதை 1676 மி.மீ. அகலம் கூடினால் கரை அகல வேண்டும், பாலம் வலுவாக வேண்டும், வளைவுகள் விரிய வேண்டும். அகலப்பாதையில் ஒரு சரக்கு வேகனின் ஒரே அச்சு 20 டன்னுக்கு மேல் தாங்குகிறது. நூறாண்டுக்கு முன் மீட்டர் கேஜ் வண்டிக்காகக் கட்டிய சிறுபாலம் இதைத் தாங்காது. லெவல் கிராசிங்குகளைக் குறைத்துவிட்டு சப்வே தோண்டுவதும் சேர்ந்துகொள்கிறது. மழைக்காலத்தில் அந்த சப்வேக்களில் தண்ணீர் நிற்பது தனிக்கதை. அதை எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. பணத்தையும் வருடங்களையும் விழுங்குவது இந்த மண்வேலையும் பாலவேலையும்தான். தண்டவாளம் போடுவது, ஒப்பிட்டால், சீக்கிரம் நடந்து முடியும் காரியம்.

மண்கரை தயாரானதும் அதன் மேல் ஜல்லி கொட்டுவார்கள். வீட்டு கான்கிரீட்டுக்கு நாம் வாங்கும் முக்கால் ஜல்லி 20 மி.மீ. அளவுடையது. ரயில் பாதைக்குப் போகும் ஜல்லி அதைவிடப் பெரிது, 65 மி.மீ. வரை இருக்கும். கருங்கல்லை உடைத்துக் கூர்முனை மழுங்காமல் கொண்டுவர வேண்டும். ஆற்றுக் கூழாங்கல் எவ்வளவு கடினமாக இருந்தாலும் உதவாது, அது உருளும். கூர்முனைகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொண்டால்தான் ஜல்லி படுக்கை அசையாமல் நிற்கும். அதே சமயம் கற்களுக்கு இடையில் இடைவெளி இருப்பதால் மழைத்தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடும்.

அந்தப் படுக்கையில் கான்கிரீட் ஸ்லீப்பர்கள். கிலோமீட்டருக்கு 1660 என்பது இப்போதைய பொதுக்கணக்கு. அதாவது போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி வரை அறுபதாயிரத்துக்கும் அதிகம். ஒவ்வொன்றும் 2.75 மீட்டர் நீளம், கால் டன்னுக்கு மேல் எடை. அதன் மேல் தண்டவாளம் ஏறி, இரும்பு கிளிப் அடித்து, மூட்டுகளை வெல்டிங் செய்துவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்குப் பாதை தயார்.

உண்மையில் அந்த நிலையில் ஸ்லீப்பர்கள் ஜல்லி மேல் சும்மா படுத்துக்கிடக்கின்றன. ஒன்றின் அடியில் கல் நெருக்கமாக இருக்கும். அடுத்ததன் அடியில் இரண்டு விரல் இடைவெளி இருக்கும். இதன் மேல் முழு வேகத்தில் வண்டி விட்டால் சக்கரம் ஏறும்போது ஒரு ஸ்லீப்பர் அமுங்கும், அடுத்தது அமுங்காது. இடதுபக்கம் தாழும், வலதுபக்கம் தாழாது. பெட்டி ஆடும். ஆட்டம் ஓர் அளவைத் தாண்டினால் தடம் புரளும்.

இந்த இடத்தில்தான் மஞ்சள் வண்டி வருகிறது.

அதன் வேலையை அருகிலிருந்து பார்ப்போம். வண்டியின் நடுவில் உருளைப் பிடிகள் இருக்கின்றன. அவை தண்டவாளத்தின் தலையைக் கவ்விப் பிடித்து, ஸ்லீப்பரோடு சேர்த்துப் பாதையையே தூக்குகின்றன. எவ்வளவு தூக்குவது என்பது குத்துமதிப்பு அல்ல. வண்டியின் முன்னும் பின்னும் சிறு தள்ளுவண்டிகள் தண்டவாளத்தைத் தொட்டபடி வர, அவற்றுக்கு இடையே இழுத்துக் கட்டிய கம்பியோடு ஒப்பிட்டுப் பாதை எங்கே தாழ்ந்திருக்கிறது, எங்கே பக்கவாட்டில் விலகியிருக்கிறது என்று மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. தூக்க வேண்டியதைத் தூக்கி, நகர்த்த வேண்டியதை நகர்த்தி, அப்படியே பிடித்துக்கொள்ளும்.

பிடித்த நிலையில் கால்கள் இறங்கும். ஒரு ஸ்லீப்பருக்கு 16 கால்கள்: ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் எட்டு, ஸ்லீப்பரின் முன்பக்கமும் பின்பக்கமுமாகப் பிரிந்து. ஒரே நேரத்தில் இரண்டு ஸ்லீப்பர் குத்தும் வண்டியில் 32, மூன்று குத்தும் வண்டியில் 48. இவை நொடிக்கு 35 தடவை அதிர்ந்துகொண்டே ஜல்லிக்குள் புகுந்து, ஸ்லீப்பரின் அடிமட்டத்துக்குக் கீழே வரை போகும். பிறகு ஹைட்ராலிக் அழுத்தத்தில் எதிரெதிர்க் கால்கள் ஒன்றையொன்று நோக்கி நெருங்கி, இடையில் அகப்பட்ட கற்களை ஸ்லீப்பருக்கு அடியில் நெரித்துத் தள்ளும். அந்த நெரிப்பு அரை நொடியைச் சுற்றித்தான். படியில் அரிசி அளக்கும்போது இரண்டு தட்டுத் தட்டினால் இன்னொரு பிடி கொள்ளுமே, அந்த மாதிரி. அதிர்வில் கற்கள் இடம் மாறி, தமக்குள் இடைவெளியைக் குறைத்துக்கொண்டு இறுகுகின்றன. கால்கள் வெளியே வரும்போது ஸ்லீப்பர் புதிய உயரத்தில், கெட்டியான கல்படுக்கையில் உட்கார்ந்திருக்கும்.

கால்கள் தண்டவாளத்தின் இரு ஓரங்களில் மட்டுமே குத்துகின்றன, ஸ்லீப்பரின் நடுப்பகுதியைத் தொடுவதில்லை. காரணம் உண்டு. நடுவில் கெட்டியாகவும் ஓரங்களில் இளகியும் இருந்தால், மேலே பாரம் ஏறும்போது ஸ்லீப்பர் நடுவில் முறிய ஆரம்பிக்கும். பாரம் இறங்குவது தண்டவாளத்துக்கு நேர்கீழே. தாங்கவேண்டிய கல்லும் அங்கேதான் இறுகி இருக்க வேண்டும்.

புதுப்பாதையில் இதை ஒருமுறை செய்தால் போதாது. ஒரே தடவையில் அதிகம் தூக்கினால் அடியில் கல் சரியாக நிரம்பாது என்பதால், கொஞ்சம் தூக்கிக் குத்தி, மறுபடி ஜல்லி கொட்டி, மறுபடி தூக்கிக் குத்தி என்று இரண்டு மூன்று சுற்று போக வேண்டும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் ஜல்லி ரயில் வர வேண்டும். கல் குவாரியிலிருந்து வர வேண்டும், மெஷின் வேறு வேலையிலிருந்து விடுபட வேண்டும். தண்டவாளம் போட்டபின் மாதக்கணக்கில் ஒன்றுமே நடக்காத மாதிரி தெரிகிற காலத்தின் ரகசியம் பாதிக்குமேல் இதுதான்.

மெஷின் வருவதற்கு முன் இதே வேலையைக் கேங்மேன்கள் கையால் செய்தார்கள். பீட்டர் என்கிற, முனை தட்டையான கனத்த கருவியை நால்வர் சேர்ந்து தாளம் தப்பாமல் வீசி, ஸ்லீப்பருக்கு அடியில் கல்லைத் திணிப்பார்கள். மீட்டர் கேஜின் மர, இரும்பு ஸ்லீப்பர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. கான்கிரீட் ஸ்லீப்பர் வந்தபிறகு கைவேலைக்கு அந்த எடையும் அளவும் ஒத்துவரவில்லை. பீட்டரின் அடி பட்டால் ஓரம் உடைந்தும் போகும். உலகில் இந்த வகை மெஷின்களுக்குப் பேர்போன நிறுவனம் 1953-ல் ஆஸ்திரியாவில் தொடங்கிய பிளாசர் அண்ட் தொய்ரர். 1960-களிலேயே இந்தியாவுக்கு வந்து, ஹரியானாவின் ஃபரீதாபாத்தில் தொழிற்சாலை போட்டது. நம் பாதைகளில் காணும் மஞ்சள் வண்டிகளில் பெரும்பாலானவை அந்த வம்சம்தான்.

இனி ஒரு முரண். இறுக்குவதற்காக வந்த மெஷின் ஒரு வகையில் பாதையை இளக்கியும் விடுகிறது. ஸ்லீப்பருக்கு அடியில் கல் இறுகுகிறது, சரி; ஆனால் ஸ்லீப்பர்களுக்கு இடையிலும் ஓரத்திலும் படிந்து கிடந்த கல் கலைந்துவிடுகிறது. பாதை பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கல்தான்.

கொங்கு நாட்டு ஏப்ரல் வெயிலில் இது சாதாரண விஷயமில்லை. இப்போதெல்லாம் தண்டவாளங்களைக் கிலோமீட்டர் கணக்கில் வெல்டிங் செய்து ஒரே நீளமாக்கிவிடுகிறார்கள். பழைய 'தடக் தடக்' ஓசை குறைந்துபோனது அதனால்தான். இரும்பு சூட்டில் நீளும். ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 30 டிகிரி கூடுதல் சூட்டில், தடையில்லாமல் விட்டால், சுமார் 35 சென்டிமீட்டர் நீளும். நீள இடமில்லை என்பதால் அந்த விசை முழுவதும் உள்ளே அடைபட்டு நிற்கிறது. ஜல்லி பிடித்திருக்கும்வரை ஒன்றுமில்லை. ஜல்லி இளகிய இடத்தில் உச்சிவெயில் சேர்ந்தால் தண்டவாளம் பாம்பாக வளைந்துவிடும். எனவே தண்டவாளத்தின் சூடு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் டேம்பிங் வேலை கூடாது என்று விதி இருக்கிறது. குத்தி முடித்த பாதையில் சில நாட்களுக்கு ரயில்கள் மெதுவாகப் போவதும் இதனால்தான். 'புதுசா வேலை செஞ்ச இடத்துல ஏன் உருட்டறான்' என்று சலித்துக்கொள்ளும் பயணிகளுக்குப் பதில் இது.

மெதுவாகப் போகும் அந்தக் காலத்தைச் சுருக்க இன்னொரு வண்டி உண்டு. டைனமிக் டிராக் ஸ்டெபிலைசர் என்று பெயர். தண்டவாளத்தைக் கவ்வி, மேலிருந்து அழுத்தியபடியே பாதையைப் பக்கவாட்டில் அதிரவைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். அது ஒருமுறை கடந்துபோனால், ஏறத்தாழ ஒரு லட்சம் டன் போக்குவரத்து ஓடியதற்குச் சமமாகக் கற்கள் படிந்துவிடும் என்பது ரயில்வேயின் கணக்கு. அதோடு சேர்ந்து வரும் மூன்றாவது வண்டி, சிதறிய ஜல்லியைக் கலப்பை போட்டு ஒதுக்கி, துடைப்பம் போட்டுப் பெருக்கி, கரையைச் சீராக்கும்.

எல்லாம் முடிந்த பிறகும் ரயில்வே தானாக ரயில் விட முடியாது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பார்க்க வேண்டும். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். பாதையைப் போட்டவரே அதற்கு நற்சான்று கொடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. நம் நிர்வாகத்தில் அபூர்வமாகக் காணும் நல்ல ஏற்பாடு. நமக்கான தெற்கு வட்ட ஆணையர் அலுவலகம் பெங்களூருவில். அவர் மோட்டார் டிராலியில் ஊர்ந்து ஒவ்வொரு பாலமும் வளைவும் பார்த்து, பிறகு ரயிலை வேகமாக ஓட்டிப் பார்த்து, எந்த வேகத்துக்கு அனுமதி என்று எழுதிக் கொடுத்தபிறகே பயணிகள் ஏறலாம்.

இதே படிகளை மதுரை - போடிநாயக்கனூர் 90 கிலோமீட்டரும் ஏறித்தான் வந்தது: 2010 கடைசியோடு மீட்டர் கேஜ் நின்றது, 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் வண்டி வந்தது. இலங்கையின் வடக்குப் பாதையில் நிலைமை இன்னும் கடினம். போரால் 1990-ல் நின்றுபோன யாழ்ப்பாண ரயிலுக்குப் பாதையே மிச்சமில்லை. தண்டவாளமும் ஸ்லீப்பரும் பதுங்குகுழிகளுக்குப் போயிருந்தன. இந்தியாவின் இர்கான் நிறுவனம் மண்ணிலிருந்து கட்டி எழுப்ப, 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் சேர்ந்தது.

போத்தனூர் - பொள்ளாச்சி மக்களின் குறை அதன் பிறகும் தீரவில்லை. பாதை திறந்தது; ஆரம்பத்தில் ஓடிய ரயில்கள் சொற்பம். மீட்டர் கேஜ் காலத்து ராமேஸ்வரம் வண்டிகளைத் திருப்பிக் கேட்டு எத்தனையோ மனுக்கள் போயின. அது டேம்பிங் மெஷின் தீர்க்கக்கூடிய பிரச்சினை இல்லை.

ஆனால் ஊரில் எந்தப் பாதை வேலை நடந்தாலும், 'தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது' என்ற அறிவிப்பை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டாம். பெரிய பாலங்கள் முடிந்தனவா, ஜல்லி எத்தனை சுற்று குத்தியாயிற்று, ஆணையரின் ஆய்வுக்கு விண்ணப்பம் போயாயிற்றா என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் ரயில் சில மாதத்தில் வரும்.