ஒரே நாடு... ஊருக்கு ஒரு தலையெழுத்து!

1991 ஏப்ரல். போலந்தின் தலைநகர் வார்சாவில் பங்குச்சந்தை திறக்கப்பட்டது. எந்தக் கட்டடத்தில் தெரியுமா? முன்பு கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையகமாக இருந்த அதே கட்டடத்தில்! முதல் நாள் கைமாறியவை வெறும் 5 நிறுவனங்களின் பங்குகள்தான்.

அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு சட்டம் வந்தது. அது, அரசுப் பண்ணைகளைக் கலைப்பதற்கான சட்டம். அந்தப் பண்ணைகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்துவந்தார்கள்.

ஒரே ஆண்டு, ஒரே அரசு. வார்சாவுக்குக் கதவு திறந்தது. வடக்கத்திக் கிராமங்களுக்குக் கதவு அடைத்தது.

அதிர்ச்சி வைத்தியம்

அரசே எல்லாவற்றையும் நடத்திய பொருளாதாரத்திலிருந்து சந்தைப் பொருளாதாரத்துக்கு போலந்து மாறத் தொடங்கியது 1990 ஜனவரி 1 அன்று. நிதியமைச்சர் லெஷெக் பால்செரோவிச் கொண்டுவந்த திட்டம் அது. விலைக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் நீங்கின. மானியங்கள் வெட்டப்பட்டன. வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வந்தது.

மொத்தக் கணக்கில் பார்த்தால் இது வெற்றிக் கதை. 1992 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட போலந்தின் பொருளாதாரம் சுருங்கவில்லை. ஆனால், அந்த வளர்ச்சி எல்லா ஊர்களுக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரவில்லை. எந்த ஊர் எந்தத் தொழிலை நம்பியிருந்தது என்பதே அதன் விதியைப் பெரிதும் தீர்மானித்தது.

பண்ணையோடு போன கிராமங்கள்

அரசுப் பண்ணை என்பது வெறும் வயல் அல்ல. தொழிலாளர் குடியிருப்பு, குழந்தைகள் காப்பகம், உணவகம் எல்லாமே பண்ணையைச் சார்ந்தவை. பண்ணை போனதும் இவையும் போயின. சொந்தமாக நிலமில்லை, பக்கத்தில் வேறு வேலையும் இல்லை. பேருந்து வசதியும் குறைந்துபோக, நகரத்துக்குப் போய் வேலை தேடுவதும் கஷ்டமானது. வடக்கு மாகாணங்களில் வேலையின்மை தலைமுறை தாண்டியும் நீடித்தது.

கிழக்கே லுப்லின் பகுதியில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் தனியார் சிறுவிவசாயிகள்தான். கம்யூனிஸ்ட் காலத்திலும் நிலம் அவர்கள் கையிலேயே இருந்தது. அதனால், ஆலையில் வேலை போனவர்கள் வீட்டு நிலத்துக்குத் திரும்ப முடிந்தது. உருளைக்கிழங்குக்குப் பஞ்சமில்லை, கைக்காசுக்குத்தான் பஞ்சம்.

துணி நெய்தவர்கள்

வூட்ச் நகரம் 19-ம் நூற்றாண்டிலிருந்தே ஜவுளி ஆலைகளின் ஊர். ஆலைகளில் அதிகம் வேலை செய்தவர்கள் பெண்கள். துணிகளுக்குப் பெரிய சந்தை சோவியத் யூனியன். 1991-ல் அந்த நாடே இல்லாமல்போனது. ஒரு பக்கம் வாங்க ஆளில்லை. மறுபக்கம் மலிவான இறக்குமதித் துணி. ஆலைகள் வரிசையாக மூடின.

1998 முதல் சுரங்கத்தை விட்டு விலகிய தொழிலாளர்களுக்கு அரசு பெரிய தொகையைக் கையில் கொடுத்தது. நெசவாலைப் பெண்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. சுரங்கத் தொழிற்சங்கம் தலைநகரத் தெருக்களையே நிரப்பக்கூடியது. ஆலைப் பெண்களின் குரலுக்கு அந்த வலு இல்லை.

வூட்ச் நகரின் மிகப்பெரிய ஆலைகளில் ஒன்று, 2006-ல் வணிக வளாகமாகத் திறக்கப்பட்டது. துணி நெய்த இடத்தில் இப்போது துணி விற்கிறார்கள்!

ஒரே நிலக்கரி, இரண்டு முடிவுகள்

தென்மேற்கே வால்ப்ஷிக் நகரின் சுரங்கங்கள் 1990-களிலேயே அடுத்தடுத்து மூடப்பட்டன. வேலை இழந்தவர்கள் ஊரோரக் காடுகளில் கையாலேயே குழி தோண்டி, கரியை மூட்டை கட்டி விற்றார்கள். 'ஏழைக் குழிகள்' என்று அவற்றுக்குப் பெயர். மண் சரிந்து உயிரிழந்தவர்களும் உண்டு. 1990-ல் சுமார் 1.4 லட்சம் பேர் வாழ்ந்த நகரில் இன்று ஏறக்குறைய ஒரு லட்சம் பேர்.

கட்டோவிட்ஸே சுற்றுவட்டாரத்திலும் நிலக்கரிதான். ஆனால், அங்கே சுரங்கங்கள் மெதுவாகக் குறைக்கப்பட்டன. அந்த இடைவெளியில் கார் தொழிற்சாலைகள் வந்தன. பல்கலைக்கழகங்களும் பெரிய நகரங்களும் அருகருகே இருந்தன. ஒரு கதவு மூடினாலும் தட்டுவதற்கு வேறு கதவுகள் இருந்தன.

வங்கி, காப்பீடு, கணினி, ஆலோசனை என்று சேவைத் துறை குவிந்த வார்சாவின் தனிநபர் வருமானம் இன்று ஐரோப்பிய ஒன்றியச் சராசரியைத் தாண்டிவிட்டது. லுப்லின் மாகாணம் அந்தச் சராசரியில் பாதியைத்தான் ஒட்டி நிற்கிறது.

மீண்டு எழுந்த ஊர்கள்

தலையெழுத்தை மாற்ற முடியாதா? ஓரளவுக்கு முடியும். விமானத் தொழிற்சாலையை நம்பியிருந்த மியெலெட்ஸ் நகரில், 1995-ல் நாட்டின் முதல் சிறப்புப் பொருளாதார மண்டலம் உருவானது. அங்கிருந்த தொழில் திறமையே புது முதலீட்டை இழுத்தது. வால்ப்ஷிக்கும் 1997-ல் இதே வழிக்கு வந்தது. பின்னர் டொயோட்டா தொழிற்சாலை அங்கே அமைந்தது. ஆனால், மாற்று வேலை வந்து சேர்வதற்குள் ஆயிரக்கணக்கானோர் ஊரை விட்டே போயிருந்தார்கள்.

இப்போது அடுத்த சோதனை. கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை 2049-க்குள் மூடுவதென்று 2021-ல் அரசும் தொழிற்சங்கங்களும் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. இந்த முறை அவகாசம் இருக்கிறது. சுரங்கத்தை மூடும் தேதி முடிவாகிவிட்டது. புது வேலை வரும் தேதியும் அதற்கு முன்பே முடிவாக வேண்டும் என்பதுதான் வால்ப்ஷிக் சொல்லும் பாடம்.