குடியரசுத் தலைவர் தேர்தலும் நம் வாக்கும்

பொதுத் தேர்தல் வந்துவிட்டால் சுவர்களில் சின்னங்கள் ஏறுகின்றன. ஒலிபெருக்கிகள் ஊரைச் சுற்றுகின்றன. வேட்பாளர் கைகூப்பிய வண்ணம் நம் வாசலுக்கே வந்து நிற்கிறார். ஆனால் நாட்டின் தலையாய பதவிக்கு நடைபெறும் தேர்தலில் இவற்றுள் ஒன்றேனும் நம் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. செய்தியாகக் கேட்கிறோம், செய்தியாகவே மறக்கிறோம். ஆலந்தலை முதலிய கடற்கரைச் சிற்றூர்களுக்கும், உள்நாட்டு நெசவு, வேளாண்மைக் கிராமங்களுக்கும் சங்க அலுவலாகச் செல்லுங்கால், இத்தேர்தலைப் பற்றி உறுப்பினர்கள் கேட்பவை பெரும்பாலும் மூன்று வினாக்களே. “இதில் நம் வாக்கு எங்கே?” “முடிவு முன்னரே தெரிந்த தேர்தலுக்குப் பிரசாரம் எதற்கு?” “யார் வந்தால் நமக்கு என்ன?” மூன்றும் நியாயமான வினாக்கள். அவற்றிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வாக்கு எங்கே?

கூட்டுறவாளருக்கு இதனை விளக்குவது எளிது. ஊர்ச் சங்கத்தின் உறுப்பினர் மத்திய வங்கியின் நிர்வாகக் குழுவை நேரே தேர்ந்தெடுப்பதில்லை. அவருடைய சங்கத்தின் பிரதிநிதியே அங்குச் சென்று வாக்களிக்கிறார். குடியரசுத் தலைவர் தேர்தலும் அவ்வகையைச் சார்ந்ததே. பார்லிமென்டின் இரு சபைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும், மாநிலச் சட்டசபைகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் மட்டுமே இதில் வாக்காளர்கள். நியமன உறுப்பினர்களுக்கு வாக்கு இல்லை.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் சங்கத்தில் பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்கு. இங்கோ ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு. மாநிலத்தின் ஜனத்தொகையைச் சட்டசபை உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்த ஈவை ஆயிரத்தால் வகுத்தால் அம்மதிப்புக் கிடைக்கும். 1971ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டு ஜனத்தொகை 4,11,99,168. அதனை 234 உறுப்பினர்களுக்கும், பின்னர் ஆயிரத்துக்கும் வகுக்க வருவது 176. ஆலந்தலை வாக்காளர் திருச்செந்தூர்த் தொகுதிக்கு அனுப்பும் சட்டசபை உறுப்பினரின் ஒரு வாக்கு, இத்தேர்தலில் 176 வாக்குகளாக எண்ணப்படுகிறது. உத்தரப் பிரதேச உறுப்பினருக்கு அம்மதிப்பு 208. சிக்கிம் உறுப்பினருக்கு 7. எல்லா மாநிலங்களின் மொத்த மதிப்பையும் பார்லிமென்டின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் தொகையால் வகுத்தால், ஒரு பார்லிமென்ட் உறுப்பினரின் வாக்கு மதிப்பு வரும். 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் அது 700 ஆக இருந்தது.

அவ்வாண்டு தமிழ்நாட்டின் 234 சட்டசபை உறுப்பினர்களின் வாக்கு மதிப்பு 41,184. பார்லிமென்டின் இரு சபைகளிலும் உள்ள நம் 57 உறுப்பினர்களின் வாக்கு மதிப்பு 39,900. ஆகக் கூடுதல் 81,084. நாடு முழுவதற்குமான மொத்த மதிப்பு 10,86,431. அதாவது நம் பங்கு நூற்றுக்கு ஏழரைக்குச் சற்றுக் குறைவு.

அரை நூற்றாண்டுக்கு முந்திய ஜனத்தொகையைக் கொண்டு கணக்கிடுவானேன் என்று சிலர் வினவலாம். குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்று நடந்த மாநிலங்கள் அதன் காரணமாகவே செல்வாக்கிழத்தல் ஆகாது என்னும் கருத்துடன், 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் 1971ஆம் ஆண்டுக் கணக்கையே நிலைநிறுத்தியது. 2001ஆம் ஆண்டின் 84ஆம் திருத்தம், 2026ஆம் ஆண்டுக்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பின் விவரம் வெளிவரும் வரையில் அதனை நீட்டித்தது. அத்தடை நீங்கிப் புதிய கணக்கு வழக்குக்கு வருமாயின், ஜனத்தொகை விரைவாகப் பெருகிய மாநிலங்களின் பங்கு உயரும். நம் பங்கு குறையும். ஆகவே ‘நமக்கு என்ன’ என்று இருந்துவிடக்கூடிய பொருளன்று இது.

பிரசாரம் எதற்கு?

முடிவு எப்பொழுதும் முன்னரே தெரிவதில்லை என்பதற்கு 1969ஆம் ஆண்டே சான்று. அவ்வாண்டு மே மாதம் 3ஆம் தேதி டாக்டர் ஜாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே காலமானார். காங்கிரஸ் கட்சி நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக நிறுத்தியது. தொழிற்சங்க இயக்கத்தில் வளர்ந்த வி. வி. கிரி, தாம் வகித்த உப ஜனாதிபதிப் பதவியைத் துறந்து சுயேச்சையாக நின்றார். மூன்றாமவர் சி. டி. தேஷ்முக். பதினான்கு பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டதும் அந்த ஜூலை மாதத்திலேயே ஆகும். பிரதமர் இந்திரா காந்தி தம் கட்சியினரை மனச்சாட்சிப்படி வாக்களிக்குமாறு கேட்டுக் கொண்டார். காமராஜர் முதலிய மூத்த தலைவர்கள் ரெட்டியின் பக்கம் நின்றனர். தமிழ்நாட்டின் ஆளுங்கட்சியான தி. மு. க. கிரியை ஆதரித்தது.

வாக்கெடுப்பு ஆகஸ்டு 16ஆம் தேதி நடந்தது. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. முதல் விருப்ப வாக்குகளில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. ஒருவருக்கும் போதுமான வாக்கு இல்லை. கடைசியில் நின்றவர்களை ஒவ்வொருவராக விலக்கி, அவர்தம் சீட்டுகளில் இரண்டாம் விருப்பம் பெற்றவருக்கு அவ்வாக்குகளைச் சேர்த்தனர். இறுதியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வேறுபாடு 14,650. இரண்டாம் விருப்ப வாக்கினால் முடிவு கண்ட குடியரசுத் தலைவர் தேர்தல் இதுவொன்றே. அதே ஆண்டில் காங்கிரஸ் கட்சி இரண்டுபட்டது. சாதாரண வாக்காளர் ஒருவர்கூடச் சீட்டுப் போடாத தேர்தல், அவர் அடுத்து யாருக்குச் சீட்டுப் போடுவது என்பதையே மாற்றியமைத்தது.

2002ஆம் ஆண்டுத் தேர்தல் வேறு வகையினது. இராமேசுவரத்துக் கடற்கரையில் பிறந்த அப்துல் கலாமும், சென்னையில் பிறந்து நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமியும் எதிர் நின்றனர். முடிவு தெரிந்ததே, கலாம் 9,22,884, லட்சுமி 1,07,366. எனினும் அப்போட்டி வீணன்று. தோற்கும் வேட்பாளரும் ஒரு கருத்தை நாட்டின் முன் வைக்கிறார். போட்டி இருந்தால்தான் அக்கருத்தைச் சீர்தூக்கிப் பார்க்க மக்களுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது.

நமக்கு எதிர்க் கரையிலுள்ள இலங்கையில் 1982 முதல் ஜனாதிபதியை மக்களே நேரில் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கு வாக்காளர் 1, 2, 3 என மூவருக்கு விருப்பம் குறிக்கலாம். 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி நடந்த தேர்தலில் அநுர குமார திசாநாயக்க முதற் கணக்கில் நூற்றுக்கு 42.31 பெற்றார்; பாதியைத் தாண்டாமையால், அந்நாட்டில் முதன்முறையாக இரண்டாம் விருப்பம் எண்ணப்பட்டது. அம்முறையை நாம் ஏன் கைக்கொள்ளவில்லை? நம் ஆட்சிப் பொறுப்பு மந்திரி சபையிடம் உள்ளது. கோடிக்கணக்கான மக்கள் நேரே தேர்ந்தெடுத்த ஒருவருக்கு உண்மை அதிகாரம் தராதிருப்பது பொருந்தாது என்பதை அரசியல் நிர்ணய சபையிலேயே நேரு எடுத்துரைத்தார்.

யார் வந்தால் என்ன?

பார்லிமென்ட் நிறைவேற்றும் மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலால்தான் சட்டமாகிறது. கவர்னர் அனுப்பி வைக்கும் மாநில மசோதாவும் அவர் மேசைக்கே செல்கிறது. 2006ஆம் ஆண்டில் ஆதாயப் பதவி பற்றிய மசோதாவை அப்துல் கலாம் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். பார்லிமென்ட் அதை மீண்டும் நிறைவேற்றவே, கையொப்பமிட்டார். அவரால் முடிவாகத் தடுக்க இயலவில்லை. ஆனால் நின்று சிந்திக்கச் செய்ய இயன்றது. நம் சங்கத்திலும், அவசரத் தீர்மானத்தை ஒரு கூட்டம் தள்ளி வைக்கச் சொல்லும் உறுப்பினரின் பணி சிறிதன்று.

இனி, நாம் செய்யத்தக்கது யாது? இத்தேர்தலில் கட்சி கொறடாவின் ஆணை செல்லாது, வாக்கு இரகசியமானது. ஆகவே நம் பிரதிநிதி என்ன செய்தார் என்பது நமக்குத் தெரியவராது. தெரிவு செய்யும் நாளிலேயே ஆராய்வதொன்றே நமக்குள்ள வழி. 2022ஆம் ஆண்டில் செல்லாத வாக்குகள் 53. அவற்றைப் போட்டவர்கள் சட்டம் இயற்றுபவர்களே! எனவே வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் சாலையையும் குடிநீரையும் கேட்பதோடு நில்லாமல், “எங்கள் 176 வாக்குகளை எவ்வாறு பயன்படுத்துவீர்கள்?” என்றும் கேட்போமாக. அவ்வாறு கேட்கும் பழக்கத்தை முதலில் நம் சங்கத்தின் பொதுக்குழுவிலேயே தொடங்குவது நன்று. அங்கே வாய் திறவாதவர் வேறெங்கும் திறப்பது அரிது.