பாராட்டுச் சொல்லும் அதன் விலையும்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் இராமாநுசர் அவதரித்த ஊர் என்பதே முன்னாளில் எவர் நினைவிலும் முதலில் எழும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின; 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறக்கப்பெற்றது. இன்று நம் மாணவர்க்கு அவ்வூர்ப் பெயர்கள் வேலை என்னும் பொருளையே முதலில் தருகின்றன. அங்குப் பணிபுரியும் முன்னாள் மாணவர் சிலருடன் உரையாடுகையில் ஒரு செய்தி புலப்பட்டது. ஆலைக்குள் கண்டிப்பு தமிழில் நிகழ்கிறது. பாராட்டு மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. 'வெல் டன்', 'குட் ஜாப்', 'கங்கிராஜுலேஷன்ஸ்' என்னும் சொற்களைக் கேட்டு 'தேங்க் யூ சார்' என்று கூறி நகர்ந்துவிடுகின்றனர். அச்சொற்களின் பிறப்பையும் பொருளையும் ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

'செலிபிரேட்' என்பதை நாம் கொண்டாடுதல் என்கிறோம். இலத்தீனில் இதன் மூலச்சொல் திரளாகக் கூடுதல் என்னும் பொருளுடையது. கூட்டம் கூடினால் விழா. ஒருவரைச் சூழ்ந்து கூட்டம் கூடினால் அவர் புகழ்பெற்றவர். எனவேதான் 'செலிபிரேட்டட் ரைட்டர்' என்பது புகழ்மிக்க எழுத்தாளரைக் குறிக்கிறது. தமிழிலும் இவ்வாறே. பெருநாளைக் கொண்டாடுகிறோம்; நல்ல புலவரையும் ஊர் கொண்டாடுகிறது. விழாவும் புகழ்ச்சியும் இரு மொழிகளிலும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது வியப்பிற்குரியது.

'கங்கிராஜுலேஷன்ஸ்' என்பதற்கு உடன் மகிழ்தல் என்பதே வேர்ப்பொருள். ஒருவர் முயன்று பெற்ற பேற்றினைக் கண்டு நாமும் மகிழ்கிறோம் என்று அறிவிக்கும் சொல் அது. தேர்வில் வென்றவர்க்கும், பதவி உயர்வு பெற்றவர்க்கும், மணமக்களுக்கும் அது பொருந்தும். பெருநாளுக்கும் பொங்கலுக்கும் பொருந்தாது. திருநாள் எவருடைய சாதனையும் அன்று. நம் மாணவர் இவ்விடத்தில் தவறுவதற்குக் காரணம், தமிழில் வாழ்த்து என்னும் ஒரு சொல் இரண்டிற்கும் வழங்குவதேயாகும். வாழ்த்து என்பது வாழச் சொல்வது. நடந்ததைக் காட்டிலும் நடக்கவிருப்பதை நோக்குவது. ஆழ்வார் இறைவனுக்கே பல்லாண்டு கூறியது இம்மரபின் உச்சம் எனலாம். அரபு வழக்கும் இதனோடு ஒத்து நடக்கிறது. 'முபாரக்' என்பது பரக்கத் என்னும் அருள்வளத்தை அடியாகக் கொண்ட சொல். திருமண வீட்டில் நாம் கூறும் 'பாரகல்லாஹ்' ஒரு துஆ. 'மாஷா அல்லாஹ்' என்று வியக்கும்போது புகழ் மனிதனிடம் தங்காமல் இறைவனைச் சென்று சேர்கிறது. ஆங்கிலச் சொல் வென்றவரோடு மகிழ்கிறது. நம் சொல் அவருக்காக வேண்டுகிறது.

'பிராவோ' இத்தாலியச் சொல். அம்மொழியில் பெண்ணை மெச்சுங்கால் 'பிராவா' என மாறும். ஆங்கிலமோ அவ்வேறுபாட்டைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. 'குடோஸ்' கிரேக்கச் சொல். புகழ் என்பது பொருள். ஈற்றிலுள்ள ஸகரத்தைப் பன்மை விகுதியென மயங்கி 'குடோ' என்றோர் ஒருமையைப் படைத்தோரும் உளர்! நாம் கூறும் 'சபாஷ்' மட்டும் நம்முடையதா என்றால், அதுவும் 'மகிழ்வாயாக' எனப் பொருள்படும் பாரசீகத் தொடரின் திரிபே.

மரபுத்தொடர்களை அப்படியே பெயர்ப்பதில்தான் இடர் மிகுதி. 'ஹேட்ஸ் ஆஃப்' என்பது மதிப்புடையார் முன் தொப்பியைக் கழற்றும் ஐரோப்பிய வழக்கிலிருந்து பிறந்தது. தலையை மூடித் தொழுகைக்கு நிற்கும் நமக்குத் தொப்பியைக் கழற்றுவது மரியாதையாகத் தோன்றுமா? 'தலைவணங்குகிறேன்' என்றால் கருத்து நிறைவுறும். 'லாரல்ஸ்' வென்றவர்க்குக் கிரேக்கர் சூட்டிய இலைமாலை. அதற்கு நிகராக வாகை சூடுதல் என்னும் தொடர் புறத்திணைக் காலந்தொட்டு நம்மிடம் உண்டு; புதிதாக எதையும் தேட வேண்டுவதில்லை. 'ரெட் லெட்டர் டே' கிறித்தவத் திருச்சபை நாட்காட்டியில் திருநாட்களைச் சிவப்பு மையால் குறித்ததன் எச்சம். நம் வீட்டு நாட்காட்டியிலும் விடுமுறை சிவப்பாகவே இருக்கிறது. விருந்துகளில் 'டோஸ்ட்' என்று குவளையை உயர்த்துவர். மதுவில் வாட்டிய ரொட்டித் துண்டை இட்ட பழைய வழக்கு அது. நம் பிள்ளைகள் பழச்சாற்றை உயர்த்தினும் வாழ்த்து குறைவதில்லை.

அளவு கடந்தால் பாராட்டு முகத்துதியாகிறது. ஆங்கிலேயர் அதனை வெண்ணெய் தடவுதல் என்பர்; நாம் ஐஸ் வைத்தல் என்றும் காக்கா பிடித்தல் என்றும் கூறுகிறோம். (காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் காக்கா என்றால் தமையனார். அவர்களை இதில் இழுத்தல் கூடாது.) ஒருவரை மிகைபடப் புகழ்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி ஹதீஸ்களில் காணப்படுகிறது.

இனி 'பிரெய்ஸ்' என்னும் சொல்லுக்கு வருவோம். விலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து புகழ்தல் என்றாயிற்று. விலையைக் குறிக்கும் சொல்லும், பரிசைக் குறிக்கும் சொல்லும், 'அப்ரிஷியேஷன்' என்பதும் அதன் உறவினரே. ஆலையில் 'அப்ரிஷியேஷன் சர்டிபிகேட்' வழங்குவர். ஒரகடத்தில் மனை விற்போர் நிலமதிப்பின் ஏற்றத்தையும் 'அப்ரிஷியேஷன்' என்பர். இரண்டும் ஒரே சொல்! ஆகவே புகழ்தல் என்பது அடிப்படையில் மதிப்பிடுதல். மதிப்பு ஏட்டில் மட்டும் நின்றுவிட்டால் அச்சொல் பாதியாகவே நிற்கிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வும் தங்கள் சங்கத்திற்கு அங்கீகாரமும் வேண்டி ஒரு மாதத்திற்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்ததை நாடறியும். அங்கீகாரத்திற்கு ஆங்கிலம் 'ரெகக்னிஷன்' என்கிறது. பாராட்டு விழாப் பதாகைகளிலும் அதே சொல்லைக் காண்கிறோம்.

தன்னைத் தானே புகழ்தலை ஆங்கிலம் 'தன் ஊதுகொம்பைத் தானே ஊதுதல்' என எள்ளும். பவணந்தி முனிவரும் நன்னூலில் தற்புகழ்ச்சி தகாது என்கிறார். ஆயினும் நான்கு இடங்களில் விலக்கு அளிக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதுமிடத்தும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டும்போதும், எதிரி பழித்தபோதும் புலவர் தம்மைக் கூறிக்கொள்ளலாம். வேலைக்கு விண்ணப்பம் எழுதுதலும், நேர்காணலில் 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' என்னும் வினாவை எதிர்கொள்ளுதலும் இவற்றுள் முதலிரண்டில் அடங்கும் அல்லவா? நம் பிள்ளைகள், சிறப்பாகக் கிராமத்திலிருந்து வரும் மாணவியர், அவ்வினாவிற்கு ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் கூறி அடக்கத்தோடு நிறுத்திவிடுகின்றனர். அடக்கம் நன்றே. எனினும் எதிரே இருப்பவர் நம் ஆற்றலை அறியாதவர். 'ஐ ஆம் தி பெஸ்ட்' என்பது ஒன்று. 'இன்ன வேலையை இன்னவாறு செய்திருக்கிறேன்' என்பது மற்றொன்று. நன்னூலார் இடம் தந்தது இரண்டாவதற்கே என்பது என் கருத்து.