நாள் தவறும் வயது: பண்ணைப் பெண்கள் அறிய வேண்டியவை

புரட்டாசிக் கடைசியில் இரண்டு நல்ல மழை விழுந்துவிட்டால் திருக்கோகர்ணத்தை ஒட்டிய வயல்களில் நடவு மும்முரமாகிவிடும். நாற்றுப் பறிக்கவும் நடவும் களை எடுக்கவும் இறங்கும் பெண்களில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள். இளம் பெண்கள் படிப்பு, கடை வேலை, கம்பெனி வேலை என்று போய்விட்டார்கள். எனவே இன்று சிறு விவசாயியின் வயல் வேலை, கறவை மாடு, அடுப்படி மூன்றும் 42 முதல் 52 வயது வரையுள்ள பெண்ணின் உடம்பை நம்பியே நடக்கின்றன. அந்த உடம்பில் அதே வயதில்தான் பெரிய மாற்றம் ஒன்று நிகழ்கிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை ஏக்கர் நிலம், இரண்டு பசு. குடும்பத் தலைவிக்கு 45 வயது. மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்த விலக்கு இரண்டு மாதம் வரவில்லை. மூன்றாவது மாதம் வந்தது, பத்து நாள் நிற்கவில்லை. வயலில் குனிந்தால் கண் இருட்டுகிறது. இரவில் திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை சூடு ஏறி, ரவிக்கை நனைய வியர்த்து, பிறகு குளிர்கிறது. தூக்கம் கெட்டு, விடிந்தால் எரிச்சல். மாமியாரிடம் சொன்னால், "எனக்கெல்லாம் இந்த வயசுல தானா நின்னு போச்சுத்தா. பேசாம இரு" என்கிறார். பக்கத்து வீட்டு அக்காளோ, "நான் டவுனுக்குப் போயி கர்ப்பப்பையை எடுத்துட்டேன். நீயும் எடுத்துப்புடு, தொல்லை விட்டுச்சு" என்கிறாள். வீட்டுக்காரரிடம் சொல்லக் கூச்சம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் தாய்க்கு நாள் தள்ளிப்போயிற்று என்றால் ஊர் என்ன நினைக்கும் என்ற பயம் வேறு.

மாமியார் சொன்னதிலும் பாதிதான் சரி, அக்காள் சொன்னதிலும் பாதிதான் சரி.

உடம்பில் நடப்பது என்ன?

நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு முற்றிலும் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். மேலை நாடுகளில் இது 51 வயதை ஒட்டி நிகழ்கிறது. ஆனால் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. அதற்கு நாலைந்து ஆண்டுகள் முன்பிருந்தே, சிலருக்கு இன்னும் முன்பே, தடுமாற்றம் தொடங்கிவிடுகிறது. தொடர்ந்து 12 மாதம் விலக்கு வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று சொல்ல வேண்டும். பதினோராவது மாதம் வந்துவிட்டால் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கோடையில் கண்மாய் வற்றுவதைப் போல ஹார்மோன் சுரப்பு படிப்படியாகக் குறைகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. அது பருவம் தவறிய ஆண்டின் மழையைப் போன்றது. ஒரு மாதம் கொட்டும், அடுத்த மாதம் தூறலும் இராது. சினைப்பையிலிருந்து முட்டை வெளிவரும் மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரந்து, கர்ப்பப்பையின் உட்படலத்தைக் கட்டுக்குள் வைத்து, உரிய நாளில் உதிரச் செய்கிறது. நாற்பதுக்கு மேல் சில மாதங்களில் முட்டை வெளிவருவதில்லை. அப்போது ஈஸ்ட்ரோஜன் மட்டும் சுரந்து, உட்படலம் தடித்துக்கொண்டே போகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து அது ஒரேயடியாக உதிரும்போதுதான் பத்து நாள் போக்கு ஏற்படுகிறது. நம் பெரியவர்கள் பெரும்பாடு என்று சொன்னது இதைத்தான்.

உடம்பின் சூட்டைச் சீராக வைக்கும் மூளைப் பகுதி இந்த ஏற்ற இறக்கத்தால் குழம்பிவிடுவதால் திடீர்ச் சூடும் வியர்வையும் வருகின்றன. சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆபத்தில்லை. மூட்டு வலி, மறதி, காரணமில்லாத அழுகை, சிறுநீர் எரிச்சல், தாம்பத்தியத்தில் வலி ஆகியவையும் இக்காலத்தில் வரக்கூடும். எல்லாருக்கும் எல்லாம் வராது. சிலர் எந்த உபாதையும் தெரியாமலே கடந்துவிடுகிறார்கள். மாமியார் அந்த வகையைச் சேர்ந்தவராக இருக்கலாம், அல்லது சொல்ல ஆளில்லாமல் பொறுத்துக்கொண்டவராகவும் இருக்கலாம்.

தேதி குறித்தல்

பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும் என்பதும், ஊசி போட்ட தேதியைக் குறித்து வைக்க வேண்டும் என்பதும் மாடு வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். தொழுவத்துச் சுவரில் கரிக்கட்டியால் தேதி எழுதியிருப்பதை எந்த ஊரிலும் காணலாம். அதே வீட்டுப் பெண்ணின் தேதி எங்கும் இராது. மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி, "கடைசியாக எப்போது வந்தது?" என்பதே. "போன அமாவாசைக்கு முந்தியோ பிந்தியோ" என்ற பதிலை வைத்துக்கொண்டு அவரால் அதிகம் செய்ய இயலாது.

நாட்காட்டியில் விலக்கு வந்த நாளில் ஒரு கோடு, நின்ற நாளில் ஒரு கோடு, அதிகம் போன நாட்களில் ஒரு புள்ளி போட்டால் போதும். எழுத்துத் தெரிய வேண்டியதுகூட இல்லை. ஆனால் இம்மாவட்டத்தில் அதற்கும் குறைவில்லை. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றதை நாடே பேசியது. அன்று தாயின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போன பத்து வயதுச் சிறுமிகள்தாம் இன்று நாற்பதின் நடுவில் இருக்கிறார்கள்.

இரத்தக் குறைவு

இக்காலத்தின் உபாதைகளில் பண்ணைப் பெண்ணை உண்மையாகக் கீழே தள்ளுவது திடீர்ச் சூடு அல்ல, இரத்த சோகைதான். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்த சோகை இருக்கிறது. ஏற்கெனவே குறைவாக உள்ள இடத்தில் மாதாமாதம் பத்து நாள் போனால் என்ன மிஞ்சும்? படியேறினால் மூச்சு வாங்குதல், படபடப்பு, நாக்கு வெளுத்தல், நடவின்போது கண் இருட்டுதல் ஆகியவற்றை வயதாகிவிட்டது என்று தள்ளிவிடக் கூடாது. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை, 8-க்குக் கீழே போனால் கடுமையான சோகை. ஒரு சொட்டு இரத்தத்தில் தெரிந்துவிடும் இந்தச் சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுத்துப் போகும். அதைக் கண்டு பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. மாத்திரையையும் டீயையும் சேர்க்கக் கூடாது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ, உணவிலுள்ள இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்க வேண்டும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் சத்து நன்றாகச் சேரும்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

நாள் முன்பின் ஆவது இந்த வயதுக்கு இயல்பே. ஆனால் 21 நாளுக்குள் திரும்பத் திரும்ப வந்தாலும், ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், மணிக்கு ஒரு துணி மாற்றும் அளவுக்குப் போனாலும், பெரிய கட்டிகளாக விழுந்தாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இடைப்பட்ட நாட்களிலோ உடலுறவுக்குப் பின்னோ இரத்தம் கண்டால் அது இயல்பன்று. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஓராண்டு நின்ற பிறகு மறுபடி ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே போக வேண்டும் என்பது. பெரும்பாலும் அது சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் முதலில் காட்டும் அடையாளமும் அதுவே. "போன விலக்கு திரும்பி வந்திருக்கிறது" என்று மகிழ்ந்தவர்களும் உண்டு, வெட்கத்தால் ஓராண்டு மறைத்தவர்களும் உண்டு. நாற்பது வயதுக்கு முன்பே விலக்கு நின்றுவிட்டாலும் காட்ட வேண்டும்.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொள்ளாதவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நாள் தவறும் காலத்திலும் கரு உண்டாகலாம். 50 வயதுக்கு முன் நின்றால் இரண்டு ஆண்டும், பின் நின்றால் ஓராண்டும் கருத்தடை முறையைத் தொடர வேண்டும். சந்தேகமிருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சிறுநீர்ச் சோதனை செய்துகொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கோயில் திருவிழாவுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் நாளைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் தாங்களாகவே மாத்திரை வாங்கிப் போடும் வழக்கம் பரவியிருக்கிறது. இந்த வயதில் அது போக்கின் ஒழுங்கை மேலும் குழப்பிவிடும். இரத்தக் கட்டு உண்டாகும் தன்மையுள்ளவர்களுக்கு ஆபத்தாகவும் முடியலாம்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால்?

அக்காள் சொன்ன யோசனைக்கு வருவோம். பெரிய கட்டி, புற்றுநோய், எந்த மருந்துக்கும் அடங்காத போக்கு என்றால் கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டும். அவ்வாறு எடுத்துப் பிழைத்தவர்கள் பலர். ஆனால் நாள் தவறுகிறது, வெள்ளைப்படுகிறது, இடுப்பு வலிக்கிறது என்பதற்காக எடுப்பது, இலை மஞ்சளானதற்கு மரத்தை வெட்டுவதாகும்.

மகாராஷ்டிர மாநிலம் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களின் கதையை விவசாயிகள் அறிந்திருக்க வேண்டும். விலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலி போவதோடு அபராதமும் உண்டு என்பதால் இளம் வயதிலேயே பலர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டார்கள். 2019-ல் மாநில அரசு அமைத்த குழு விசாரித்தபோது சுமார் 82,000 பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் அந்த அறுவை செய்துகொண்டிருந்தது வெளிவந்தது. வலி தீரவில்லை. கடன்தான் ஏறியது. தேவையற்ற கர்ப்பப்பை அறுவையைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஹார்மோன் ஒரே நாளில் நின்றுபோகிறது. எலும்பு சீக்கிரம் வலுவிழக்கும், இருதய நோய்க்கும் வழி ஏற்படும். சினைப்பையை விட்டுவைத்தாலும் அது சற்று முன்னதாகவே ஓய்ந்துவிடக்கூடும். ஆகவே ஆட்டை விற்று, நகையை அடகு வைத்து அறுவைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: ஸ்கேனில் என்ன தெரிந்தது, மருந்தால் அடக்க முயன்று பார்த்தாயிற்றா, சினைப்பையையும் எடுப்பார்களா? இரத்தப் போக்கைக் குறைக்கும் மாத்திரைகளும், ஹார்மோன் மாத்திரைகளும், கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனமும் உண்டு. இவற்றில் ஒன்றிலேயே பலருக்குக் குணம் கிடைத்துவிடுகிறது. பதில் திருப்தியாக இல்லையென்றால் இரண்டாவது மருத்துவரிடம் கேட்பது குற்றமாகாது.

வேலையும் ஆகாரமும்

வெயில் வேலையில் உள்ளவர்களுக்கு இந்தச் சூடு இரட்டிப்புத் துன்பம். நடவு, களை எடுப்பை விடியலில் தொடங்கி பத்து, பதினோரு மணிக்குள் முடித்துக்கொண்டு, மிச்சத்தை வெயில் தாழ்ந்தபின் செய்வது நல்லது. பருத்திச் சேலை, கையோடு தண்ணீர், நீராகாரம் அல்லது மோர். வியர்வை நின்று, பேச்சுக் குழறி, மயக்கம் வந்தால் அது இந்த வயதின் சூடு அல்ல, வெயில் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து, 108-ஐ அழைக்க வேண்டும்.

அடி இறங்குவதுபோல் தோன்றும் பெண்கள் நெல் மூட்டை, உர மூட்டை, நிறைகுடம் ஆகியவற்றைத் தூக்கக் கூடாது. இதை வீட்டு ஆண்கள்தாம் கவனிக்க வேண்டும். அவர்களாக, "முடியவில்லை" என்று சொல்ல மாட்டார்கள்.

புதுக்கோட்டை உளுந்து விளையும் மாவட்டம். வம்பனில் உள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் பல உளுந்து ரகங்களைத் தந்திருக்கிறது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கொடுப்பதை யாரும் மறப்பதில்லை. விலக்கு நிற்கப்போகும் பெண்ணுக்கு யாரும் கிண்டிக் கொடுப்பதில்லை. களி பெரும்பாட்டை நிறுத்தாது, அப்படி நம்பி மருத்துவரைத் தவிர்க்கவும் கூடாது. ஆனால் உளுத்தம்பருப்பில் 100 கிராமுக்கு 24 கிராம் புரதம் இருக்கிறது. விளைந்ததை முழுவதும் வியாபாரிக்கு அளந்துவிடாமல் வீட்டுக்கு நாலு படி நிறுத்திக்கொள்ளலாம். விலக்கு நின்றபின் எலும்பிலுள்ள சுண்ணாம்புச்சத்து வேகமாகக் குறையும் என்பதால் கேழ்வரகு, எள், முருங்கைக் கீரை, சொந்த மாட்டுப் பால் ஆகியவை வேண்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச்சத்து உண்டு, அரிசியில் மிகச் சொற்பமே. கறந்த பால் முழுவதும் சொசைட்டிக்குப் போகும் வீட்டில் ஒரு டம்ளர் நிறுத்துவது பெரிய இழப்பாகாது.

எங்கே செல்வது?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம், இரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பதோடு, 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் செய்கிறார்கள். தைராய்டுக் கோளாறும் இதே உபாதைகளைக் காட்டும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லலாம். ஸ்கேன் தேவைப்பட்டால் திருக்கோகர்ணம் பகுதியினருக்கு நகரிலுள்ள அரசு ராணியார் மருத்துவமனையும், 2017-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அருகில் உள்ளன. நேரில் கேட்கக் கூச்சப்படுபவர்கள் 104 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி யோசனை பெறலாம். தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குச் சூடும் வியர்வையும் இருந்தால் அதற்கும் மருந்து உண்டு. ஹார்மோன் மருந்து யாருக்கு ஏற்கும், மார்பகக் கட்டி அல்லது பக்கவாதம் கண்ட யாருக்கு ஏற்காது என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

தனியே அனுப்பாமல் வீட்டுக்காரரும் கூடப் போவது நல்லது. போகும்போது தேதி குறித்த நாட்காட்டியையும், சாப்பிட்டு வரும் மாத்திரைகளின் அட்டைகளையும், முன்பு ஸ்கேன் எடுத்திருந்தால் அந்தக் காகிதத்தையும் மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும்.