ஆண்டதும் மாண்டதும்

1956 நவம்பர் 23 அதிகாலை. சென்னையிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டியதும் மருதையாற்று வெள்ளத்தில் கவிழ்ந்தது. உயிரிழந்தவர்கள் 140 பேருக்கும் மேல். ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அப்போது துணை அமைச்சராக இருந்தவர், செங்கல்பட்டைச் சேர்ந்த காங்கிரஸ்காரர் ஓ.வி. அழகேசன்.

சில மாதங்களில் 1957 பொதுத்தேர்தல் வந்தது. முதன்முதலாகத் தேர்தலில் இறங்கிய தி.மு.க., மருதையாற்றை மேடைக்குக் கொண்டுவந்தது. “அரியலூர் அழகேசரே, ஆண்டது போதாதா? மக்கள் மாண்டது போதாதா?”

மேடைப் பேச்சு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடக் கச்சிதமான பாடம் கிடைப்பது அரிது. ஊரும் ஆளும் அகரத்தில் தொடங்கி மோனையில் கைகோத்துக்கொள்கின்றன. ஆண்டதற்கும் மாண்டதற்கும் நடுவே ஓரெழுத்துதான் மாறுகிறது. கேள்வியாக நிற்பதால் பதிலைக் கூட்டமே சொல்லிவிடுகிறது. எழுத்தறியாதவர்கூட ஒருமுறை கேட்டால் போதும், வீடுவரை கொண்டுபோகலாம்.

அதே வரியில் ஒரு குறையும் உண்டு. வெள்ளம் அதில் இல்லை. ஆறு செய்ததன் பழி முழுக்க ஒரு மனிதர் தலையில் விழுந்துவிட்டது. உணர்ச்சிப் பேச்சைக் கற்பவர்கள் அதன் வலிமையோடு சேர்த்துக் கற்கவேண்டியது இந்த ஆபத்தையும்தான்.

1957இன் வரிக்குப் பின்னால் ஒரு மேடை மரபு உண்டு. பெரியார் ஈரோட்டுப் பேச்சு வழக்கிலேயே மணிக்கணக்கில் பேசினார். அண்ணாவும் அவர் தம்பிகளும் அடுக்குமொழியை, எதுகை மோனையை, எழுத்துத் தமிழின் மிடுக்கைத் தெருமுனை மேடைக்கு இறக்கினார்கள். அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட் மதுரையில் தங்கி இந்தச் செந்தமிழ் மேடையை ஆராய்ந்து, 2009இல் தனி நூலே வெளியிட்டார்.

இன்று பெரம்பலூர், அரியலூர் மாணவர்கள் இந்தக் கலையைப் பழகும் இடம் பேச்சுப்போட்டி. காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா, கலைஞர் பிறந்தநாள்களையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் இதை நடத்துகிறது. முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்தவை 3,000, 2,000.

போட்டிகளில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று. தமிழாசிரியர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்த பிள்ளை, “அவையோரே” என்று உச்சத்தில் தொடங்கும். குரல் கடைசிவரை அங்கேயே நிற்கும். நடுவில் ஒரு சொல் நழுவினால் கண்கள் கூரையைத் தேடும், கைகள் பாவாடையைப் பிசையும். பாவம், குற்றம் அந்தப் பிள்ளையுடையதல்ல. உதட்டில் இருப்பது அதனுடைய விஷயமே இல்லை.

1957இன் வரி பிடித்துக்கொண்டதற்கு எதுகை பாதிக் காரணம்தான். கேட்டவர்களுக்கு அந்த மரணங்கள் தெரிந்தவை. அதுபோல இந்த மாணவர்களுக்கும், தலைவர்களின் பெருமையோடு, தம் ஊரில் அன்றாடம் காணும் சின்ன வெங்காயத்தின் விலையையும் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளையும் தலைப்பாகக் கொடுத்துப் பார்க்கலாம். வயலில் வெங்காயம் பிடுங்கிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அதைப்பற்றி யாரும் எழுதித் தரவேண்டியதில்லை.