உடம்புக்குள் ஓர் ஆள்மாறாட்டம்

ஏற்காட்டில் பெய்யும் மழை இரண்டாகப் பிரிகிறது. தெற்கே இறங்குவது திருமணிமுத்தாறாகவும் சரபங்காவாகவும் சேலம் சமவெளியைக் கடந்து காவிரிக்குப் போகிறது. வடக்கே இறங்குவது வாணியாறாகி, தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அணையில் சற்றுத் தங்கி, தென்பெண்ணையைத் தேடிப் போகிறது. மலைமேல் சுனையில் அள்ளிக் குடித்தால் தித்திக்கிற தண்ணீர்தான். ஆனால் சமவெளியில் பாறை இடுக்குகளில் இறங்கி, நெடுங்காலம் அங்கேயே கிடந்து, பல நூறு அடி ஆழத்திலிருந்து போர் வழியாக மேலே வரும்போது அது தனியாக வருவதில்லை. பாறையிலிருந்து ஃபுளோரைடையும் கரைத்துக்கொண்டு வருகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் பல ஊர்களில் பல்லில் பழுப்பு வரி விழுந்தவர்களைப் பார்க்கலாம். வெற்றிலைக் கறை, ஒழுங்காகப் பல் துலக்காத சோம்பல் என்று அவர்கள்மீது பழி சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பழி அநியாயம். பால் பல் விழுந்து முளைக்கும் பற்களின் மேல்பூச்சு, குழந்தைக்குச் சுமார் எட்டு வயது ஆகும்வரை ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். அந்த வயதில் குடித்த தண்ணீரின் கதைதான் அந்தக் கறை. பிறகு எந்தப் பற்பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது.

ஃபுளோரைடு என்ன செய்கிறது என்று புரிந்துகொண்டால், உடம்பைக் கெடுக்கும் வேறு பல பொருள்களின் குணமும் பிடிபட்டுவிடும். நம் பல்லும் எலும்பும் சுண்ணாம்புச்சத்தும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு படிகம். அந்தப் படிகத்தில் வரிசை வரிசையாகச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஹைட்ராக்சில் என்ற துகள் இருக்க வேண்டும். ஃபுளோரைடும் ஏறக்குறைய அதே பருமன், அதே மின்னேற்றம். வாசலில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை; உள்ளே விட்டுவிடுகிறார். மிகச் சிறிய அளவில் இந்த ஆள்மாறாட்டம் பல்லுக்கு நல்லதுதான், பற்பசையில் அதைச் சேர்ப்பது அதனால்தான். அளவு மிஞ்சினால் பல்லின் மேல்பூச்சைக் கட்டும் வேலை குளறுபடியாகிறது. பல ஆண்டுகள் தொடர்ந்தால் எலும்பு கனத்து, ஆனால் உறுதி குறைந்து போகிறது. வளைந்து கொடுக்க வேண்டிய தசைநார்களில் சுண்ணாம்பு படிகிறது. கழுத்தும் முதுகும் திருப்ப முடியாமல் இறுகுகின்றன. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம்.

இந்தக் கறையின் காரணம் கண்டுபிடிக்கப்பட்ட கதைக்கும் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கும் ஒரு தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றும். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் பாக்சைட் என்றே பெயர் கொண்ட ஓர் ஊர். அலுமினியத் தாது வெட்டும் தொழிலாளர் ஊர். 1909-இல் அங்கே ஆழ்கிணறு தோண்டிக் குடிநீரை மாற்றினார்கள். அதற்குப் பிறகு வளர்ந்த குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. பழைய தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. 1931-இல் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில் அந்தத் தண்ணீரைச் சோதித்தார். லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் ஃபுளோரைடு. ஆறே ஆண்டுகளில், 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் எலும்பையே இறுக்கும் ஃபுளோரைடு நோய் பதிவானது.

நம் மலையிலும் பாக்சைட் மேலே, ஃபுளோரைடு கீழே. ஒன்று மற்றதற்குக் காரணமல்ல. ஆனால் ஒன்று மற்றதற்கு மருந்தாகிறது. பாக்சைட்டிலிருந்து கிடைக்கும் அலுமினா, தண்ணீரில் உள்ள ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும். கிராமங்களில் வைக்கும் ஃபுளோரைடு வடிகட்டிகள் பலவற்றில் இருப்பது அதுதான். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். கிருமிக்கு அது சரி. ஃபுளோரைடு ஆவியாவதில்லை, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். புளிக்கு இதில் ஒரு பங்கு உண்டு: ஹைதராபாத்தில் உள்ள தேசிய உணவூட்ட நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பள்ளிச் சிறுவர்களுக்குப் புளி கொடுத்துப் பார்த்து, சிறுநீரில் வெளியேறும் ஃபுளோரைடு கூடுவதை 2002-இல் வெளியிட்டார்கள். அதற்காக ரசம் மட்டுமே போதும் என்று இருந்துவிட முடியாது. தண்ணீரை மாற்றுவதே தீர்வு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 2013 முதல் ஓகேனக்கல்லிலிருந்து காவிரி நீர் கொண்டுவந்ததன் நோக்கமே இதுதான்.

மலையிலிருந்து அந்தப் பாக்சைட் போன இடம் மேட்டூர். 1960-களில் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம் சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் வெட்டிய தாதுவை அங்கே உருக்கியது; 2008-இல் அந்த உருக்கு வேலை நின்றது. தாதுவைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து அலுமினாவை எடுத்தபின் மிஞ்சுவது செஞ்சேறு. ஒரு டன் அலுமினாவுக்கு ஏறக்குறைய ஒரு டன்னோ அதற்கு மேலோ மிஞ்சும். இது ஆள்மாறாட்டம் எதுவும் செய்வதில்லை. அதன் காரம் நேராகத் தோலைச் சுடும். 2010 அக்டோபரில் ஹங்கேரியின் அய்க்கா நகரில் செஞ்சேற்றுத் தேக்கம் உடைந்தபோது பத்துப் பேர் இறந்தார்கள். பலர் காரத்தில் வெந்து மருத்துவமனைக்குப் போனார்கள்.

மலையடிவாரத்தில், சேலத்துக்கு வடக்கே உள்ள சுண்ணாம்புக் கரடு வேறு வகை. பெயர்தான் சுண்ணாம்பு, அங்கே வெட்டுவது மேக்னசைட் என்ற வெள்ளைக்கல். அது ஊடுருவியிருக்கும் டியூனைட் பாறையில் குரோமியமும் நிக்கலும் இயல்பாகவே உண்டு. குரோமியத்துக்கு இரண்டு முகம். பாறையில் இருக்கும் மூன்றாம் நிலைக் குரோமியம் சோம்பேறி. உயிரணுவின் கதவைத் தட்டினாலும் அது உள்ளே நுழைவது அரிது. ஆனால் மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடு அதை ஆறாம் நிலைக்கு மாற்றக்கூடும். ஆறாம் நிலையில் அது குரோமேட் ஆகிறது. உருவத்தில் சல்ஃபேட் போலவே இருக்கும். சல்ஃபேட் நமக்குத் தேவை என்பதால் உயிரணுக்கள் அதற்கென்று கதவு வைத்திருக்கின்றன. குரோமேட் அதே கதவு வழியாக நுழைந்துவிடுகிறது. உள்ளே போனதும் வேஷம் கலைந்து மறுபடி மூன்றாம் நிலையாகிறது. அந்த மாற்றத்தின் நடுவே மரபணு இழைகள் சேதமாகின்றன, வெளியேறவும் வழியில்லை. குரோமியம் ஆலைகளில் மூச்சுவழி இதை வாங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவது உறுதிப்பட்ட செய்தி. இயற்கையாக நடக்கும் மாற்றம் மெதுவானது, சிறியது. ஆனால் ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மட்டும் ஒரு லட்சம் டன்னைத் தாண்டும். அங்கே நிலத்தடி நீர் மஞ்சளாகிப் போனது. சிமென்டிலும் கொஞ்சம் குரோமேட் உண்டு. வருடக் கணக்காகக் கலவை அள்ளிய கொத்தனார், சித்தாள் கைகளில் ஆறாமல் வெடிக்கும் சொறிக்கு அதுவும் ஒரு காரணம்.

இனி மலைமேல் ஏறுவோம். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடிதான் ஏற்காட்டை ஏற்காடாக்கியது. அராபிகா காப்பிக்குப் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு. பட்டையில் முட்டையிடும், புழு தண்டைக் குடைந்து உள்ளேயே வளரும். அதற்குத் தோட்டங்களில் நெடுங்காலம் தண்டில் பூசிய மருந்து லிண்டேன். மருந்து என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். பூச்சி மருந்து, மருந்தடிக்கிறது, மருந்துக்காரர். அந்தச் சொல்லே நம்மை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறேன். மூளைக்குப் பரபரப்பை அடக்கும் பிரேக் ஒன்று உண்டு. லிண்டேன் அந்தப் பிரேக்கை வேலை செய்யவிடாமல் அடைக்கிறது. பூச்சி துடித்துச் சாகிறது. அளவு கூடினால் மனிதனுக்கும் வலிப்பு வரும். கொழுப்பில் தங்கும், எளிதில் சிதையாது. 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இதை உலகத் தடைப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் 2013-இல் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. 2015-இல் இது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது.

லிண்டேன் போன இடத்துக்குக் குளோர்பைரிபாஸ் வந்தது. இது ஆள்மாறாட்டத்தில் கைதேர்ந்தது. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போக அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுரக்கிறது. செய்தி போய்ச் சேர்ந்ததும் ஒரு நொதி அதைப் பிடித்து வெட்டிவிடும். குளோர்பைரிபாஸ் கல்லீரலில் சற்று உருமாறி, அந்த நொதியின் வாய்க்குள் அசிட்டைல்கோலின் போலப் போய் உட்கார்கிறது. நொதியால் அதை விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. செய்தி நிற்காமல் ஓடுகிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சில் ஒழுகும், வியர்த்துக் கொட்டும், தசை துடிக்கும், நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டும். மருந்தடித்துவிட்டு வந்தவருக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், வெயில் அசதி என்று மோர் கொடுத்துப் படுக்க வைக்கக் கூடாது. சட்டையைக் கழற்றி, சோப்பு போட்டுக் கழுவி, 108-ஐ அழைத்து, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். மாற்று மருந்து மருத்துவமனைகளில் உண்டு. எந்த விஷம் என்று தெரிந்தால் சிகிச்சை விரைவாகத் தொடங்கும்.

குளோர்பைரிபாஸ் வாய் வழியாகத்தான் உடம்புக்குள் போகும் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. இதே குடும்பத்தைச் சேர்ந்த பாரத்தியான் பற்றி 1971-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உடம்பின் எந்தத் தோல் எவ்வளவு உறிஞ்சும் என்று அளந்தது. முன்கையில் பட்டதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நெற்றியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். விதைப்பையில் பட்டது ஏறக்குறைய முழுவதும். மருந்தடிப்பவர் தோளில் கிடக்கும் துண்டை நினைத்துப் பாருங்கள். கலக்கும்போது சிந்தியதைத் துடைத்த துண்டு, பிறகு நெற்றி வியர்வையைத் துடைக்கிறது, மதியம் இடுப்பில் கட்டப்படுகிறது. முகக்கவசத்துக்குச் செலவழிக்க முடியாத தோட்டத்தில்கூட, வியர்வைக்கென்று தனியாக இன்னொரு துண்டு வைத்துக்கொள்ள முடியும். 2025-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை குளோர்பைரிபாஸையும், சில விலக்குகளோடு, ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. கருவில் இருக்கும்போது அதிகம் பட்ட குழந்தைகளின் நினைவாற்றல் குறைவதாக நியூயார்க்கில் நடந்த ஆய்வுகள் காட்டின.

சேலத்துக்காரர்களுக்குத் தெரிந்த குச்சிக்கிழங்கிலும், அதாவது மரவள்ளியிலும், இந்த ஆள்மாறாட்ட வித்தை உண்டு. மரவள்ளியின் சாற்றில் சயனைடு உண்டாகும். ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விடக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். உயிரணுவில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இரும்பு நாற்காலியில் சயனைடு உட்கார்ந்துகொள்கிறது. தோலுரித்து, நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து வடித்துக் கொட்டுகிற பாட்டிமார் முறை அதை வெளியேற்றிவிடும்.

எல்லாமே வேஷம் போட்டு வருவதில்லை. புகையும் தூசியும் உருவத்தின் சிறுமையால் மட்டுமே உள்ளே வருகின்றன. நம் தலைமுடியின் குறுக்களவு சுமார் 70 மைக்ரான், 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகளை மூக்குமயிரும் சளியும் பிடிப்பதில்லை. அது நுரையீரலின் கடைசி அறை வரை போகிறது. மலைக்கிராமத்துச் சமையலறையில், கதவைச் சாத்திய குளிர்காலத்தில் விறகடுப்பு விடும் புகை இந்த ரகம். கல் உடைக்கும் தூசியில் உள்ள சிலிக்கா அதைவிடக் கொடியது: நுரையீரலின் காவல் உயிரணு அதை விழுங்கும், செரிக்க முடியாமல் சாகும், துகள் வெளியே விழும், அடுத்த காவல் உயிரணு விழுங்கும். அப்படிச் செத்தவற்றின் தழும்பே சிலிக்கோசிஸ்.

புகை கருவையும் எட்டுகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2018-இல் வந்தது. காற்றில் 2.5 மைக்ரானுக்குக் குறைந்த நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைந்தது. விறகடுப்பு வீடுகளில் இந்த அளவு நூற்றுக்கணக்கில் ஏறும். கர்ப்பம் தொடங்கியபின் கேஸ் அடுப்பு கொடுத்துப் பார்த்த, தமிழ்நாடும் இடம்பெற்ற பன்னாட்டுச் சோதனையில் எடை கூடவில்லை என்று 2022-இல் முடிவு வந்தது. அடுப்பு மாற்றுவது வீண் என்று நான் இதைப் படிக்கவில்லை. கர்ப்பம் தெரிந்தபிறகு மாற்றினால் தாமதம், தெருவே புகையும்போது ஒரு வீட்டு அடுப்பு போதாது என்றுதான் படிக்கிறேன்.

கடைசியாகக் காரீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேறு, கலப்படமில்லாதவரை பயமில்லை. காரீயம் பழைய பெயின்டிலும் பேட்டரி உருக்கும் இடங்களிலும் உண்டு. 2000-ஆம் ஆண்டுவரை நம் பெட்ரோலிலும் இருந்தது. அது சுண்ணாம்புச்சத்தின் வேஷத்தில் வரும். உணவில் சுண்ணாம்புச்சத்தும் இரும்பும் குறைந்தால், கிடைத்ததை விடக் கூடாது என்று குடல் கதவை அகலத் திறக்கிறது. அப்போது காரீயமும் கூடுதலாக நுழைகிறது. அதனால் ஒரே தெருவில் ஒரே தூசியை மிதித்து விளையாடும் இரண்டு குழந்தைகளில், சாப்பாடு போதாத குழந்தைக்குத்தான் சேதம் அதிகம். நுழைந்தது எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். பெண் கருவுற்றதும், குழந்தையின் எலும்புக்காகத் தாயின் எலும்பு கரைகிறது. அவள் சிறுமியாக இருந்தபோது சேர்ந்த காரீயமும் கூடவே இறங்குகிறது. மெக்சிகோ நகரில் கர்ப்பிணிகளுக்குத் தினம் 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து கொடுத்தபோது ரத்தத்தில் காரீயம் சராசரியாக 11 சதவீதம் குறைந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகத் தரும் கால்சியம் மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று அலமாரியில் போட்டு வைப்பவர்கள் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் புரட்டல் குறையும். இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடாமல் இடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்கள்.