‘படிப்பு வராது’ என்பது யாருடைய தோல்வி?

மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டத் திணறும் குழந்தையை ‘இதற்குப் படிப்பு வராது’ என்று ஒதுக்குவது எளிது. அக்குழந்தை சேரியிலிருந்து வந்திருந்தால் அத்தீர்ப்பு இன்னும் விரைந்து வருகிறது. கற்பித்த முறையில் குறை உண்டா என்ற கேள்வி எழுவதே இல்லை. அதை நாம் எழுப்ப வேண்டும்.

தமிழ் எழுத்தில் குழந்தை இடறும் இடங்கள் தெளிவானவை. ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது. அதற்குரிய ‘எ’ ஒலியோ ‘க்’ என்பதற்குப் பின்னரே வருகிறது. ‘ழ’கரமும் ‘ள’கரமும் பேச்சில் ஒன்றாகிவிட்ட பகுதிகளில் ‘கிளி’, ‘கிழி’ வேறுபாட்டைக் காது மட்டும் காட்டித் தராது. கரும்பலகையைப் பார்த்து நூறு முறை எழுதச் சொல்வதும் காட்டித் தராது.

பல்புலன் வழிக் கற்பித்தல் கண், காது, வாய், விரல் நான்கையும் ஒருசேரப் பயன்படுத்துகிறது. ‘ள’வுக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது, ‘ழ’வுக்கு ஒட்டாமல் வளைந்து நிற்கிறது. குழந்தை அதை வாயில் உணர்ந்து, ஒலித்துக்கொண்டே மணலில் விரலால் எழுதுகிறது. பின்பு சொல்லை ஒலிகளாகப் பிரித்துக் கூட்டுகிறது. 1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன், அன்னா கில்லிங்காம் ஆகியோரின் பணியிலிருந்து, வாசிப்புக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கென இம்முறை உருவானது. விரலின் பங்கு தனித்து எவ்வளவு என்பதில் ஆய்வுகள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆனால் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவைப் படிப்படியாகக் கற்பிப்பது பயன் தரும் என்பது உறுதிப்பட்டுள்ளது.

மணலில் எழுதுவது நம் மண்ணுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் உரக்கச் சொல்லியபடி மணலில் எழுதினர். சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரு பெல் அதைக் கண்டு கையாண்டார். 1797இல் நூலாக வெளியிட்டு இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். கடல் கடந்து சென்ற அந்த மணற்பலகை, ஊர்த் திண்ணையிலிருந்து சேரிக்கு வரவில்லை. தீண்டாமை அதைத் தடுத்தது.

இன்று சட்டம் நம் பக்கம் உள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் உள்ளடக்குகிறது. ஆனால் குறைபாடு கண்டறியப்பட்டால்தானே உரிமை கிட்டும்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவச் சான்று கிடைக்கிறது. நம் பிள்ளைக்கு ‘மக்கு’ என்ற பட்டம் கிடைக்கிறது.

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உட்பட எல்லா அரசுப் பள்ளிகளிலும் தொடக்க வகுப்பிலேயே இக்குறைபாட்டைக் கண்டறிய வேண்டும். ஆசிரியர்களுக்கு இம்முறையில் பயிற்சி அளிக்க வேண்டும். வகுப்பறைக்குத் தேவையான பொருள் ஒரு தட்டு மணல்தான். அருகில் அமர்ந்து, தயங்காமல் அக்குழந்தையின் விரலைப் பிடித்து எழுதச் செய்யும் ஆசிரியரே முதல் தேவை.